இழுப்பு என்று எழுதிவிட்டேன்

பிழைகள் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான், அதுவும் கீழச்சிவல்பட்டியில் ஒரு வாத்தியார் வீட்டில் வைத்து நடந்த பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. அந்தக் கடிதங்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். வருஷங்கள் எனக்கு முன்னும் பின்னுமாகத்தான் நினைவு வரும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனால் என் நெஞ்சு நோயைப் பற்றியும் எங்கள் அடுப்படியைப் பற்றியும் வீட்டில் எல்லாரும் சொல்லுகிற கதை தப்பாக இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காரைக்குடியில் என்னைக் கட்டிக்கொடுத்தபோது எனக்குப் பதிமூன்று வயது. வீடு செக்காலைப் பக்கம். முன்னால் பர்மாத் தேக்கில் தூண்கள். சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்தது. நெற்றிப்பொட்டு நேராக இருக்கிறதா என்று அந்தச் சுவரிலேயே பார்த்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அவர்கள் யாரும் கடைசிக் கட்டு வரை வந்ததில்லை. அங்கேதான் அடுப்படி. தாழ்ந்த கூரை, ஒரே வாசல், சுவரின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் கொஞ்ச நாளில் அவனையும் அவன் பெண்டாட்டியையும் வேறு வைத்துவிடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. ஒரே வாசல், ஒரே கிணறு, ஆனால் அவரவருக்கு ஓர் அறை, அவரவருக்கு ஓர் அடுப்பு. மாமியாருக்கு ஓர் அடுப்பு, என் வீட்டுக்காரரின் அண்ணன், மூத்தவர் என்போம், அவர் பெண்டாட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆக அந்தச் சின்ன இடத்தில் மூன்று அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை, சண்டை இல்லாமல் இருந்தோம். அரிசியைப் பிரித்தார்கள், பாத்திரத்தைப் பிரித்தார்கள், புகையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. அது மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பர்மாவில் இருந்தார். போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் வருவார், சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார். எங்களுக்கு மூத்தது மகள். அடுத்த மகன் வயிற்றில் இருக்கும்போது போனவர், அவனை அதுவரை பார்க்கவே இல்லை. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு வந்த மழைக்காலத்தில்தான் எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உள்ளே வாங்கின மூச்சை வெளியே விட முடியாது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பேன். படுத்தால் அடைக்கும் என்று தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடிதான் தூங்குவேன். நான் பிறந்த வீட்டில் இந்த நோய்க்கு இழுப்பு என்றுதான் பேர்.

வைத்தியம் பண்ணாமல் இல்லை. தூதுவளை, ஆடாதோடை, திப்பிலி எல்லாம் ஆயிற்று. மூத்தவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் துவையல் அரைப்பதைப் பார்த்துவிட்டு, "ஊரு முழுக்க இருக்கிற தூதுவளையை நீ ஒருத்தியே தின்னு தீத்துட்ட. மத்தவளுக்குச் சளி பிடிச்சா எங்க போவா?" என்பாள். நாட்டு வைத்தியர் ஒருவர் காய்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்தி அந்தப் புகையைப் பிடிக்கச் சொன்னார். அது கொஞ்சம் கேட்டது. ஆனால் புகையில் நின்றுவிட்டு வந்து புகையையே மருந்தாகப் பிடிப்பது எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஊரில் இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். அவர்தான் கேட்டார், எங்கே நிற்கும்போது அதிகமாகிறது என்று. அடுப்படி என்றேன். புகை ஆகாது என்று சொல்லி அனுப்பினார். மாமியாரிடம் வந்து சொன்னேன்.

"புகை ஆகாதாமா? அப்ப அந்த டாக்டரு வீட்டுல சோறு வெயில்லயா வேகுது?" என்றார்.

அவருக்கும் கண் எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருக்கும். ஓரகத்தியின் சின்னப் பெண், நாலு வயது இருக்கும், அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடக்கும். அதற்கு வருஷம் பூராவும் இருமல். மாமியாருக்கு வயசாகிவிட்டது, பிள்ளைக்குச் சளி உடம்பு, எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீக்கு. இப்படி ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் அந்த ஒரே காரணம்தான் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு தடவை மட்டும் ஓரகத்தி மூலமாக மூத்தவரிடம் கேட்டேன். அவர் எனக்குக் கொழுந்தனார் முறை இல்லை, மூத்தவர், அதனால் நேரில் பேசுவதில்லை. அடுப்படிச் சுவரில் பெரிதாக ஒரு வழி திறந்தால் புகை போகுமே என்று கேட்கச் சொன்னேன். பதிலை அவளே கொண்டுவந்தாள். "அந்தச் சுவரு பின்தெருவைப் பாத்து இருக்காம். புகை பட்டு வெள்ளை கறுத்துப் போயிருமாம். தெருவுல போறவுக நம்ம வீட்டைப் பத்தி என்ன நெனப்பாகன்னு கேக்குறாக."

பர்மாவுக்குக் கடிதம் எழுதுவதும் மூத்தவர்தான். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்றுதான் ஆரம்பிப்பார். நான் மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வாரத்திலும் யாவரும் க்ஷேமம் என்றுதான் போயிற்று. அந்த யாவரில் நானும் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் நானே எழுதினேன். முதல் முதலாக அவருக்கு நான் எழுதிய கடிதம் அது. எனக்கு இழுப்பு அதிகமாக இருக்கிறது, அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை, விழுந்துவிடுவேன் போல் வருகிறது, அடுப்படியில் புகை போக வழி வைக்கச் சொல்லித் தங்கள் அண்ணனுக்கு எழுதவும். நாலே வரி. பால் கொண்டுவருகிறவளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன்.

பதில் மூத்தவர் பேருக்கு வந்தது. அவர் வளவில், அதுதான் வீட்டின் நடு முற்றத்தில், எல்லாரையும் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் சம்சாரத்துக்கு இழுப்பு வருவதாகத் தெரிந்து மிகவும் வருத்தம். அவளை நெருப்புக்கும் கிணற்றுக்கும் பக்கத்தில் விடவேண்டாம். தனியாக விடவேண்டாம். கையில் இரும்பு இருக்கவேண்டும். இந்தியாவுக்கு வருகிற ஒருவரிடம் இரும்புக் காப்பு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடுத்த வீட்டில் ஒரு பெண் வலிப்பு வந்து கிணற்றில் விழுந்தாளாம். அந்த வலிப்பையும் இழுப்பு என்றுதான் சொல்லுவார்களாம். நேரில் சொல்லியிருந்தால் என் மூச்சைக் கேட்டே எந்த இழுப்பு என்று தெரிந்திருக்கும். காகிதத்தில் சத்தம் கேட்காதே. போதாததற்கு விழுந்துவிடுவேன் என்று வேறு எழுதியிருந்தேன். புகை போக வழி வைக்கச் சொன்னதைப் பற்றி அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை. ஆள் நெருப்புப் பக்கமே போகப்போவதில்லை, புகை எங்கே போனால் என்ன என்று விட்டிருப்பார்.

மாமியார் அறை வாசலுக்கு வந்து நின்றார். "ஏத்தா, கட்டிக் குடுக்கையில ஒங்க வீட்டுல இதைச் சொல்லலையே."

"அது இல்ல அயித்தை. இது மூச்சு இழுப்பு. தெனமும் நீங்க பாக்குறதுதான்."

"நான் பாக்குறது எனக்குத் தெரியும். நான் பாக்காததை அவனுக்கு எழுதியிருக்கயே."

"விடுங்க அயித்தை, மூணாப்புப் படிச்சவ," என்றாள் ஓரகத்தி. "அடுப்படிக்கு வராம இருக்க ஒரே ஒரு வார்த்தை போதும்னு கண்டுபிடிச்சிருக்கா."

ஆக, மாமியாருக்கு நான் வலிப்பை மறைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். ஓரகத்திக்கு நான் இல்லாத வலிப்பைச் சொல்லி வேலைக்குத் தப்பினவள். இரண்டும் இல்லை என்று சொல்ல அன்றைக்கு எனக்கு மூச்சும் இல்லை, தைரியமும் இல்லை. இரும்புக் காப்பு வந்தது. வைர வளையலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே திரும்பக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். அதுதான் நியாயம். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுப்படிக்குப் போகாத மூன்றாவது வாரத்தில் நான் தலையணை அடுக்காமல் மல்லாந்து படுத்துத் தூங்கினேன். மகனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஒரு தடவை அவன் ஏதோ குறும்பு பண்ணினதற்குச் சிரித்தேன், சிரித்த பிறகு இருமல் வரவில்லை. அந்தத் தப்பான வார்த்தையில் எனக்கு மூச்சு கிடைத்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று நாலு மாதம் போக்கினேன்.

என் அடுப்பு அணைந்து கிடந்தது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஓரகத்தி சமைத்தாள். தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, "எனக்கும் ஒரு இழுப்பு எழுதிக் குடேன். நானும் வந்து ஒம்பக்கத்துல உக்காந்துக்கிறேன்," என்பாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு வீட்டுச் சமையல் என்றால் இரண்டு மடங்கு நேரம் புகையில். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண்ணின் இருமல் எனக்கு அறைக்குள் கேட்கும். கேட்டுக்கொண்டும் நான் எழுதவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது நடந்தது. அந்தக் காலத்தில் அது சம்பந்தம் பேசுகிற வயது. நாட்டரசன்கோட்டையில் ஒரு நல்ல இடம், பாதி முடிந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் ஆத்தாளிடமிருந்து திடீரென்று ஆள் வந்தது. "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கா. ஆத்தாளுக்கு இழுப்பாமே. கையில இரும்பு போட்டிருக்காகளாமே. நாளைக்கு அது பொண்ணுக்கும் வந்தா என்ன செய்யிறதுன்னு கேக்குறாக. இந்தப் பேச்சை விட்ருவோம்னு சொல்லச் சொன்னாக."

அன்றைக்குத்தான் வீடே முழித்துக்கொண்டது. மூத்தவருக்கும் இரண்டு பெண்கள். ஒரு வீட்டில் வலிப்பு என்று பேர் வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் அது பிடிக்கும். மூன்று வருஷமாக என் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டவர்கள், இப்போதுதான் அது வெறும் மூச்சு நோய்தான் என்று ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

நான் அன்றைக்கே பர்மாவுக்கு எழுதினேன். இழுப்பு என்ற வார்த்தையையே போடவில்லை. மூச்சு விட முடியவில்லை, நெஞ்சில் பூனை கத்துகிற சத்தம், வலிப்பு ஒருநாளும் வந்ததில்லை, அடுப்படிப் புகையால் வருகிறது, சுவரில் வழி வைத்தால் எல்லாருக்கும் நல்லது, அத்தைக்குக் கண்ணும் பிள்ளைக்கு இருமலும் குறையும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இது புரியாமல் போகாது என்று நம்பினேன்.

பதிலில் எனக்கென்று இரண்டு வரி இருந்தது. வெறும் மூச்சு முட்டுத்தான் என்று அறிய மிகவும் சந்தோஷம். வழக்கம்போல் சமையல் முதலியவை பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கவும்.

அந்த வெறும் என்ற வார்த்தையை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. வலிப்பு என்று நினைத்தபோது கடல் தாண்டி இரும்புக் காப்பு வந்தது. மூச்சுத்தான் என்று தெரிந்ததும் சந்தோஷம் வந்தது. சுவரைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

மறுபடி அடுப்படிக்குப் போனேன். மாமியார் தன் கையாலேயே என் காப்பைக் கழற்றினார். ஆனால் நாட்டரசன்கோட்டையில் யாரும் நம்பவில்லை. பெண்ணைத் தள்ளிவிடுவதற்காக இப்போது மாற்றிப் பேசுகிறார்கள் என்றார்கள். அதற்கு வழி சொன்னவள் ஓரகத்திதான். "வாயால சொன்னா நம்ப மாட்டாக. வரச் சொல்லுங்க. இவ அடுப்பு முன்னால நின்னு சமைக்கட்டும். விழுறாளா நிக்கிறாளான்னு அவுக கண்ணாலயே பாத்துட்டுப் போகட்டும்."

ஐப்பசி மாதம், விறகெல்லாம் ஈரம். நல்ல காற்றிலேயே எனக்கு மூச்சு ஒழுங்காக வராத மாதம் அது. ஆனால் மகள் காரியம். சரி என்றேன்.

மாப்பிள்ளையின் ஆத்தாள், அந்த ஆச்சி, கனத்த உடம்பு, நல்ல குரல். கூட அவர் தங்கையும் வந்திருந்தார். முன்னால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்கே வந்து ஆட்டுக்கல் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். கும்மாயம் கிண்டச் சொன்னார் மாமியார். உளுந்து மாவும் பாசிப்பருப்பு மாவும் கருப்பட்டிப் பாகில் விட்டு நெய்யோடு கிண்டுகிற பலகாரம். கை எடுக்காமல் கிண்டவேண்டும், எடுத்தால் அடிப்பிடித்துவிடும். வேண்டுமென்றே அதைச் சொன்னாரா என்று தெரியாது. விருந்துக்காக மற்ற இரண்டு அடுப்பும் எரிந்தன.

நான் கிண்ட ஆரம்பித்தேன். விழக்கூடாது என்பது ஒன்று. நெஞ்சுச் சத்தமும் வெளியே கேட்டுவிடக்கூடாது என்று மூச்சைப் பல்லுக்குள் வைத்து விட்டுக்கொண்டிருந்தேன். புகை இறங்கி இறங்கி எங்கள் தலைக்கு வந்தது. முதலில் அந்தத் தங்கை இருமினார். பிறகு ஆச்சியும் இருமி, முந்தானையால் மூக்கைப் பொத்தினார். கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, தட்டுத் தடுமாறி, "கதவு எங்குட்டு இருக்கு?" என்று கேட்டார்.

ஓரகத்தி கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். மாமியார் பின்னாலேயே ஓடினார். விசிறி கொண்டு வா, மோர் கொண்டு வா என்று சத்தம் கேட்டது. எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் உள்ளே நின்று கிண்டிக்கொண்டிருந்தேன். கும்மாயம் சுருண்டு வருகிற பக்குவம், விடமுடியாது. என்னையும் வெளியே வா என்று யாரும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் என் நெஞ்சில் உறைந்துபோனது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

வெளியே ஆச்சி மாமியாரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "முகப்புல முகம் தெரியுது ஆச்சி. அடுப்படியில என் கையே எனக்குத் தெரியல. இதுக்குள்ள எப்படித்தான் இருக்கீக?"

சட்டியை இறக்கி வைத்துவிட்டு நானும் வெளியே வந்தேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும், முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போல் இருந்தது. அந்த ஆச்சி பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்.

"இதுதானா? இதைத்தான் இழுப்புன்னு சொன்னாகளா? எங்க மாமியாளுக்கு இருந்துச்சே, நாங்க முட்டும்போம். இந்த அடுப்படியில நின்னா எனக்கே நாளைக்கு வரும்."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் மாமியார், என்னமோ மூன்று வருஷமாக அவர்தான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி.

கும்மாயம் சாப்பிட்டுவிட்டு, நல்ல பதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சம்பந்தம் உறுதியாயிற்று. அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். புது சம்பந்தி இனிமேல் வந்துபோகிற வீடு என்று மூத்தவர் சுவரில் வழி திறந்ததோடு நிற்காமல் மேலே செங்கலில் புகைக்கூண்டும் உயரமாகக் கட்டச் சொன்னார். வேலை நாலே நாள். பின்தெருச் சுவர் கொஞ்சம் கறுத்தது. அதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் மூன்று அடுப்பும் பற்றவைத்தோம். புகை ஒன்றாகச் சேர்ந்து மேலே போயிற்று. மாமியார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இங்கன ஒரு உத்தரம் கெடக்கா?" என்றார். அந்த வீட்டில் அத்தனை வருஷம் சமைத்தவர், அடுப்படி உத்தரத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது.

என் நோய் போகவில்லை. அது என்னோடுதான் இருக்கிறது. ஆனால் தினமும் வந்தது, மழைக்கும் பனிக்கும் மட்டும் வருகிறதாயிற்று. சாயங்காலம் பொழுதோடு சாப்பிட்டுவிடுவது, வெந்நீர், சாம்பலும் தூசும் இருக்கிற பக்கம் போகாமல் இருப்பது என்று நான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டேன். மாமியாருக்குக் கண்ணில் நீர் வடிவது குறைந்தது. ஓரகத்தி அடுப்படியில் பாட்டுக்கூடப் பாடினாள், குரல் நன்றாக இருக்காது.

அடுத்த தடவை வந்தபோது என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் வந்து கூண்டை அண்ணாந்து பார்த்தார். "நல்லா இருக்கே. யாரு யோசனை?" என்று கேட்டார். "சம்பந்தி வாராகன்னு நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றார் மூத்தவர். நான் வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். நான் எழுதிய இரண்டு கடிதமும் அவர் பெட்டியில்தான் இருந்திருக்கும். அவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அதற்குச் சம்பந்திக் கூண்டு என்று பேர் வந்துவிட்டது. யாருக்காக வைத்தது என்று கேட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். ஒரு ஆச்சி ஒருநாள் இருமினது எல்லார் காதிலும் விழுந்தது. நான் மூன்று வருஷம் இருமினது விழவில்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

இதைப் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது எனக்காக இரண்டு விஷயம் விசாரித்து, தப்பென்றால் அடித்துத் திருத்திவிடுங்கள். ஆச்சி வந்தது ஐப்பசி என்று எழுதியிருக்கிறேன், கார்த்திகையாகவும் இருக்கலாம். மற்றது முக்கியம். ஓரகத்தியின் சின்னப் பெண்ணுக்கு இருமல் நின்றது கூண்டு வைத்த பிறகுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்பே நின்றுவிட்டதா, அல்லது நிற்கவே இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் இப்போது பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறாள். அவளிடமே கேளுங்கள். நான் கேட்டால், அந்த நாலு மாதத்தைப் பற்றியும் சொல்லவேண்டி வரும்.